மலை வெயில்ல கருத்த முகம்: மருந்துக்கடை கவுண்டர்ல திரும்பத் திரும்பக் கேக்குற கேள்விகள்

குன்னூர்ல ஒரு மெடிக்கல் ஷாப்ல பார்மசிஸ்ட்டா இருக்கேன், பன்னெண்டு வருஷம் ஆகுது. மே மாசம் மலர்க்கண்காட்சி, சிம்ஸ் பார்க் பழக்கண்காட்சி, கோத்தகிரி காய்கறிக் கண்காட்சின்னு சீசன் முடிஞ்சு கூட்டம் எறங்குனதும் கடைக்கு இன்னொரு சீசன் ஆரம்பிக்கும். முகம் காந்துதுன்னு ஒருத்தர், கழுத்து உரியுதுன்னு ஒருத்தர், கல்யாணத்துக்குள்ள வெள்ளையாகணும்னு ஒருத்தர். கேக்குற ஆளு தான் வேற, கேள்வி அதே கேள்வி. சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போய் எல்லாத்தையும் இங்க எழுதிட்டேன். நான் டாக்டர் இல்ல, அதனால எந்த எடத்துல டாக்டர்கிட்ட போகணுமோ அந்த எடத்துல அப்படியே சொல்லியிருக்கேன்.

"இங்க தான் குளிருதேக்கா, ஊட்டி வெயில்ல போய் எப்படிக் கருக்கும்?"

இது தான் தாய்க் கேள்வி, மிச்சதெல்லாம் இதோட பிள்ளைங்க. தோலைக் கருக்க வைக்கிறது பெரும்பாலும் வெயில்ல இருக்குற யூவிங்கற புற ஊதாக் கதிர், அது கண்ணுக்கும் தெரியாது, உறைக்கவும் உறைக்காது. மேட்டுப்பாளையத்துல 38 டிகிரியில நின்னா உடம்பே சொல்லிடும் நிழலுக்கு ஓடுன்னு. ஊட்டியில 23 டிகிரி, சிலுசிலுன்னு காத்து, யாரு ஓடப்போறா, வறுத்த கடலை வாங்கிக்கிட்டு நாலு மணி நேரம் பொட்டானிக்கல் கார்டன் புல்வெளியில உக்காந்துட்டு வந்து அடுத்த நாள் காலையில கண்ணாடி பாத்து அலறுவாங்க. உயரம் ஏற ஏற மேல இருக்குற காத்து கம்மியாகுது, தடுக்க ஆளில்லாத மாதிரி, 1000 மீட்டருக்கு 10 முதல் 12 சதவீதம் யூவி கூடுதுன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம், ஊட்டி 2240 மீட்டர். கணக்குப் போட்டா அஞ்சுல ஒரு பங்கு ஜாஸ்தி.

இன்னொண்ணு, நம்ம ஊரு 11 டிகிரி வடக்குல இருக்கு, அதனால வருஷத்துல ரெண்டு தடவை சூரியன் நேரா உச்சிக்கு மேல வரும், ஏப்ரல் 20 வாக்குல ஒண்ணு, ஆகஸ்ட் 22 வாக்குல ஒண்ணு. ஸ்கூல்ல குச்சி நட்டு நிழலில்லா நாள்னு காட்டுவாங்களே அதே தான். அதனால ஏப்ரல் மே நடுமதியானம் இங்க ஸ்வெட்டர் போட்டிருந்தாலும் வெயில் வெயில் தான்.

நானே ஏமாந்திருக்கேன். காலேஜ் படிக்கிறப்போ டிசம்பர்ல தொட்டபெட்டா போனோம், 2637 மீட்டர், பல்லு தந்தியடிக்கிற குளிர், மப்ளரைக் கூட கழுத்துல சுத்தாம ஸ்டைலா தோள்ல போட்டுக்கிட்டு ஃபோட்டோ எடுத்துக்கிட்டே இருந்தோம். மூணாவது நாள் பின்கழுத்து பாம்புச் சட்டை மாதிரி உரிஞ்சு வந்துச்சு.

"நேத்து முழுக்க ஃப்ளவர் ஷோல நின்னோம் மேடம், இன்னிக்கு முகம் செவந்து காந்துது. உடனே போடுற மாதிரி ஒரு க்ரீம் குடுங்க."

இப்படிக் கேட்ட ஒரு அப்பா ஞாபகத்துல இருக்காரு, கூலிங் கிளாஸைக் கழட்டுனதும் கண்ணைச் சுத்தி மட்டும் பழைய கலர், மிச்சம் செங்கல். அவருக்கு ஒரு சந்தேகம், நேத்து சாயங்காலம் வரைக்கும் ஒண்ணுமே தெரியலையேன்னு. அப்படித்தான் வரும். வெயில் பட்டு மூணு நாலு மணி நேரம் கழிச்சுத் தான் செவக்க ஆரம்பிக்கும், 12ல இருந்து 24 மணி நேரத்துக்குள்ள உச்சம், அப்புறம் தானா எறங்கும். அதனால ராத்திரி ரூமுக்கு வந்து தான் வலி தெரியுதுன்னா ஏதோ சோப்பு ஒத்துக்கலன்னு நெனச்சுக்காதீங்க.

செய்ய வேண்டியது கொஞ்சம் தான். சாதாரண பச்சைத் தண்ணியில காட்டன் துணியை நனைச்சுப் பிழிஞ்சு பத்து பதினஞ்சு நிமிஷம் போட்டு வைங்க, ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை. துடைச்சு எடுக்காம ஒத்தி எடுத்துட்டு ஈரம் காயுறதுக்குள்ள வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர், இல்லைன்னா கலமைன் லோஷன். வலி இருந்தா பாரசிட்டமால், அதுவும் உங்களுக்கு ஒத்துக்கும்னா. தண்ணி, மோர் நல்லாக் குடிங்க. மூணு நாளைக்கு வெயில் பக்கம் தலை காட்டாதீங்க, இது தான் க்ரீமை விடப் பெரிய மருந்து, இதைத் தான் யாரும் வாங்கிட்டுப் போறதில்ல.

கொப்புளம் வந்தா குத்தி விடக்கூடாது, அந்தத் தோல் தான் கீழ இருக்குற புண்ணுக்குப் போர்வை. பெரிய எடத்துல கொப்புளம், காய்ச்சல், வாந்தி, தலைசுத்தல், பேச்சு குழறல், சீழ் வைக்கிறது, இல்ல சின்னக் குழந்தைக்கு இப்படி ஆயிருக்குன்னா என் கடைக்கு வராதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க.

"வீட்ல நீலகிரித் தைலம் இருக்கு, குளுகுளுன்னு இருக்குமே, தடவலாமா?"

வேணவே வேணாம். இந்த ஊர்ல தலைவலிக்கும் தைலம், மூட்டுவலிக்கும் தைலம், கொசுவுக்கும் தைலம், அதனால வெயில் பட்ட மூஞ்சிக்கும் கை தானா அங்க போகுது. யூகலிப்டஸ் தைலம் நல்ல தோல்லயே சிலருக்கு எரியும், வெந்த தோல்ல போட்டா கேக்கவே வேணாம். அந்தக் குளுகுளுப்பு வெறும் உணர்வு தான், சூடு எறங்குறது இல்ல. விண்டர்க்ரீன் தைலம் இன்னும் மோசம், அதுல இருக்குறது மெத்தில் சாலிசிலேட், வலி நிவாரணிக்காக ரெண்டு சொட்டு முழங்காலுக்குப் போடுற சமாச்சாரம், உரிஞ்ச தோல் வழியா கூடுதலா உள்ள போயிடும். டூரிஸ்ட்டுங்க ரோட்டோரக் கடையில வாங்கின பாட்டிலோட வந்து இதைக் கேக்குறப்போ பாட்டிலை நானே மூடிக் கையில குடுத்துடுவேன்.

"அப்போ ஐஸ்கட்டி?"

நேரா வைக்காதீங்க. வெந்த எடத்துல ஐஸ் வச்சா மரத்துப் போய் தெரியாமலே தோல் இன்னும் கெடும். இங்க குழாய்த் தண்ணியே ஐஸ் மாதிரி தான வருது, அதுல நனைச்ச துணி போதும்.

"தோல் பிசிறு பிசிறா வருது, இழுத்து எடுத்துடவா? ஸ்க்ரப் போட்டா சீக்கிரம் போயிடும்ல?"

கை நமநமன்னு தான் இருக்கும், எனக்கும் தெரியும். ஆனா பழைய தோல் எப்போ விழணும்னு கீழ இருக்குற புதுத்தோலுக்குத் தெரியும், அது தயாராகாம நீங்க இழுத்தா செவப்பா ரணமாகும், நம்ம நிறத்துத் தோல்ல ரணம் ஆறினா அங்க கருப்பா ஒரு தடம் விட்டுட்டுத் தான் போகும். வெயில்ல வந்த கருப்பு போகும், இழுத்து வந்த கருப்பு போக மாசக்கணக்காகும்.

தொங்குற பிசிறை சின்னக் கத்திரியால வெட்டிவிடுங்க. ஸ்க்ரப், பீல் ஆஃப் மாஸ்க், வால்நட் பொடி, பார்லர்ல டீடேன், ஒண்ணும் வேணாம், உரியுறது முழுசா நின்னு ஒரு வாரம் ஆகட்டும். தேங்காய் எண்ணெயைப் பத்திக் கேப்பீங்க: முதல் ரெண்டு நாள் சூடா காந்துறப்போ எண்ணெய், வாஸ்லின் எதுவும் வேணாம், சூட்டை உள்ளயே பிடிச்சு வைக்கும். காந்தல் அடங்கி உரிய ஆரம்பிச்சதும் கை கால் கழுத்துக்குத் தாராளமா போடலாம். முகத்துல பரு வர்ற ஆளுன்னா எண்ணெய் வேணாம்.

"கருப்பு போக எத்தனை நாள் ஆகும், கரெக்டா சொல்லுங்க."

மேல்தோல் கீழ உருவாகி மேல வந்து உதிர வயசுப் பசங்களுக்குச் சுமார் 28 நாள், வயசாக வயசாக 40 நாளுக்கு மேலயும் போகும். அதனால ஒரு சுத்து முடியுறதுக்கே ஒரு மாசம், நல்லாக் கருத்திருந்தா ரெண்டு மூணு சுத்து. அதுவும் இந்த நாள்ல மறுபடி வெயில் படலைன்னா. தெனமும் புதுசா வெயில் வாங்கிக்கிட்டே பழசு போகலன்னு சொல்றது, ஒரு பக்கம் வாளியை நிரப்பிக்கிட்டே இன்னொரு பக்கம் மொண்டு ஊத்துற கதை.

எவ்வளவு போகும்னு தெரிஞ்சுக்க, கையை மடக்கி மேல்கையோட உள்பக்கம் அக்குள் கிட்ட பாருங்க. அது தான் உங்க நெஜக் கலர். அது வரைக்கும் திரும்பி வரலாம், அதைத் தாண்டி வெள்ளையாக்குறேன்னு யாராவது சொன்னா காசை பத்திரமா வச்சுக்கோங்க. ஒரு பொண்ணு 10 நாள்ல பொண்ணு பாக்க வர்றாங்க அதுக்குள்ள ஏதாச்சும்னு கேட்டுச்சு, 10 நாள்ல காந்தல் போகும், உரியுறது நிக்கும், முகம் தெளிவாகும், அவ்வளவு தான், அதுக்குள்ள ப்ளீச் பண்ணி வெந்துக்காதேன்னு சொன்னேன், கேட்டுச்சோ என்னமோ.

"எங்க அம்மா எலுமிச்சம்பழத்துல சக்கரை தொட்டுத் தேய்க்கச் சொல்றாங்க. யூடியூப்ல தக்காளி, உருளைக்கிழங்கு, கடலைமாவு எல்லாம் சொல்றாங்களே?"

எலுமிச்சை மட்டும் சமையக்கட்டை விட்டு வெளிய வரவே கூடாது. அதோட சாறு தோல்ல இருக்குறப்போ வெயில் பட்டா சிலருக்கு தீக்காயம் மாதிரி கொப்புளம் வந்து, அப்புறம் வடிஞ்ச மாதிரி கோடு கோடா கருத்துப் போகும், வாரக்கணக்குல இருக்கும். சாறுல இருக்குற ஒரு வேதிப்பொருள் யூவியோட சேந்து பண்ற வேலை அது. நம்ம ஊருக்கு இது இன்னொரு வகையிலயும் தெரிஞ்ச விஷயம், செலரி (சூப்புல போடுற கீரை) அறுக்குறவங்களுக்கு முன்கையில அரிப்பும் கருந்திட்டும் வரும், மருந்து அடிச்சது ஒத்துக்கலைன்னு மட்டும் நெனப்பாங்க, ஆனா செலரி சாறுலயும் அதே சரக்கு இருக்கு. ஃபுல் ஹேண்ட் சட்டை, கிளவுஸ் போட்டு அறுத்துட்டு நிழல்ல கையைக் கழுவுனாலே பாதி கொறையும்.

மிச்சத்துக்கு வருவோம். புளிக்காத ஆறின தயிர் பத்து நிமிஷம், பரவால்ல. பச்சைப்பயறு மாவு, கடலைமாவு சோப்புக்குப் பதிலா மெதுவா போட்டுக் கழுவலாம், ஆனா காயவிட்டு வறட்டு வறட்டுன்னு தேய்ச்சு எடுக்குறது தான் தப்பு, அதுவும் ஸ்க்ரப் தான். முல்தானி மட்டி எண்ணெய் வழியுற கோயமுத்தூர் மூஞ்சிக்குச் சரி, இங்க காத்துல ஏற்கெனவே வெடிச்ச தோல்ல போட்டா களிமண் தரை மாதிரி பிளக்கும். தக்காளி, உருளைக்கிழங்கு குழம்புல போடுங்க. கத்தாழை நல்லது, ஆனா வெட்டுனதும் மஞ்சளா ஒரு பால் வடியும் பாருங்க, செங்குத்தா அரை மணி நேரம் நிக்க வச்சு அது முழுக்க வடிஞ்சப்புறம் கழுவி உள்ள இருக்குற கண்ணாடி மாதிரி சோறை மட்டும் எடுக்கணும். அந்தப் பாலு தான் பலருக்கு அரிப்பு குடுக்குறது, பழி கத்தாழைக்கு.

"சுடுதண்ணி இல்லாம இந்த ஊர்ல எப்படிக் குளிக்கிறது? தோலுக்கு ஆகாதுன்னு சொல்றீங்களே."

யாரும் பச்சைத் தண்ணியில குளிங்கன்னு சொல்லல, சொன்னா நானே கேக்க மாட்டேன். பிரச்சனை என்னன்னா நம்ம ஆளுங்க குளிக்கிற தண்ணியில முட்டை வேகும். விறகடுப்புல ஆவி பறக்கக் காய்ச்சி, செவக்கச் செவக்க ஊத்தி, அதுக்கு மேல நார் போட்டுத் தேய்ச்சு, சோப்பு ரெண்டு தடவை. தோல் மேல ஒரு எண்ணெய்ப் படலம் இருக்கு, செங்கல்லுக்கு நடுவுல சாந்து மாதிரி, வெயில் ஏற்கெனவே சாந்தைப் பேத்துருச்சு, நீங்க மிச்சத்தையும் கழுவி விடுறீங்க. அப்புறம் ஈரம் நிக்காது, அரிக்கும், வெள்ளை வெள்ளையா செதில் அடிக்கும்.

முழங்கை உள்பக்கம் ஊத்திப் பாத்தா வெதுவெதுன்னு இருக்கணும், அவ்வளவு தான் சூடு. அஞ்சு பத்து நிமிஷத்துல முடிங்க. சோப்பு அக்குள், தொடையிடுக்கு, பாதம், அழுக்கு பட்ட எடம் மட்டும், முகத்துக்கு நுரை கம்மியான க்ளென்சர். துடைச்ச மூணு நிமிஷத்துக்குள்ள மாய்ஸ்சரைசர், குளியலறையிலயே வச்சுக்கோங்க, ரூமுக்கு வந்து ஸ்வெட்டர் போட்டுட்டா அப்புறம் யாரு போடுவா. லேபிள்ல கிளிசரின், செராமைடு, பெட்ரோலேட்டம்னு இருந்தா போதும், விலையைப் பாத்து எடுக்காதீங்க. குதிகால் வெடிப்புக்கு யூரியா 10 சதவீதம் போட்ட க்ரீம் நல்லா கேக்கும், ரத்தம் வர்ற வெடிப்புல போடாதீங்க, எரியும்.

உதட்டுக்கும் இதே கதை தான். எச்சில் பண்ணி நனைக்காதீங்க, நெய்யோ வாஸ்லினோ ராத்திரி, பகல்ல எஸ்பிஎஃப் (வெயில் தடுக்குற அளவு) போட்ட லிப் பாம். கீழுதடு தான் வெயிலை முழுசா வாங்கிக்கும்.

"ஜூன் பொறந்து மழையும் மூடுபனியுமா இருக்கே, இப்பவுமா சன்ஸ்க்ரீன்?"

கொட்டுற மழை, கருமேகம்னா நானும் போட மாட்டேன். ஆனா மெல்லிசா வெளுத்த மேகம், கண்ணு கூசுற மூடுபனின்னா யூவி 80 சதவீதம் வரைக்கும் கூட உள்ள வந்துரும். எல்லா நாளுக்கும் ஒரு சுலபக் கணக்கு: வெளிய நின்னா உங்க நிழல் உங்க உயரத்தை விடக் குட்டையா இருக்குற நேரம் கவனமா இருங்க, ஏறக்குறைய காலையில ஒன்பதரைல இருந்து மூணு வரைக்கும். ஆகஸ்ட்ல சூரியன் ரெண்டாவது தடவை உச்சிக்கு வர்றதை மேலயே சொன்னேன், மழை விட்ட ரெண்டு நாள் பளிச்சுன்னு அடிக்கும் பாருங்க, அப்போ தான் ஜூன் ஜூலை முழுக்க ஆறின மூஞ்சி மறுபடி கருக்கும்.

"சன்ஸ்க்ரீன் போட்டும் கருக்குது. டூப்ளிகேட் குடுத்துட்டீங்களா?"

சண்டைக்கு வர்ற தம்பிங்க எல்லார்கிட்டயும் நான் ஒண்ணே ஒண்ணு தான் கேப்பேன், ட்யூப் எப்போ வாங்குனது. 50 கிராம் ட்யூப் ஆறு மாசம் வந்துச்சுன்னா நீங்க க்ரீம் போடல, பொட்டு வச்சிருக்கீங்க. ஆள்காட்டி விரல், நடுவிரல் ரெண்டுலயும் அடியில இருந்து நுனி வரைக்கும் கோடு போட்டா வர்றது தான் முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு வேளை அளவு. தெனம் ரெண்டு வேளைன்னா ஒரு மாசம் தாண்டாது. பாதி போட்டா பாதி பலன் கூட வராது. காது, பின்கழுத்து, வழுக்கை, புறங்கை எல்லாரும் மறக்குற எடங்க.

எஸ்பிஎஃப் 30 சுமார் 97 சதவீதம் தடுக்கும், 50 சுமார் 98, அதனால நம்பருக்கு அடிச்சுக்காதீங்க, அதுக்குப் பதிலா பிஏன்னு போட்டு மூணோ நாலோ ப்ளஸ் இருக்கான்னு பாருங்க, கருக்க வைக்கிற யூவி ஏ கதிருக்கு அது தான் கணக்கு. வெளிய சுத்துனா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி. வெயில்ல நிறுத்துன கார் டேஷ்போர்டுல ட்யூபைப் போட்டு வைக்காதீங்க, சூட்டுல திரிஞ்சு போயிடும். ஆறு மாசத்துக்குக் கீழ உள்ள குழந்தைக்கு க்ரீமே வேணாம், நிழலும் துணியும் தான்.

"கொழுந்து பறிக்கப் போறேன் கண்ணு, ரெண்டு மணிக்கொரு தரம் க்ரீம் பூசிக்கிட்டு நின்னா எடை எங்க வரும்?"

இந்தக் கேள்விக்கு மேல சொன்ன பதில் செல்லாதுன்னு எனக்கே தெரியும். வேர்வையில க்ரீம் கண்ணுல எறங்கும், கை இலையில, காசும் கட்டுப்படியாகாது. அக்காமாருக்கு நான் சொல்றது துணி தான். வெயில்ல பிடிச்சுப் பாத்தா வெளிச்சம் ஊடுருவாத கெட்டித் துணி, கருநீலம் மெரூன் மாதிரி அடர் கலர், முழுக்கை பழைய ஆம்பளச் சட்டை, தலைத்துணியைக் கழுத்துக்குப் பின்னால தொங்கவிட்டு மேல அகல விளிம்புத் தொப்பி. நனைஞ்ச வெளுத்த மெல்லிசுத் துணி பாதி தான் தடுக்கும்.

மூக்கு, கன்ன மேடு, உதடு இந்த மூணு எடத்துக்கு மட்டும் காலையில ஒரு தடவை, சோத்து நேரத்துல ஒரு தடவை க்ரீம். ஜிங்க் ஆக்சைடு இருக்குறதா பாத்து வாங்குனா கண்ணு எரிச்சல் கம்மி, வெள்ளையா தெரியும், தெரியட்டுமே.

"வலது கை மட்டும் ஏன் மேடம் இப்படி?"

ஜீப் ஓட்டுற அண்ணன் ரெண்டு கையையும் கவுண்டர் மேல பக்கத்துல பக்கத்துல வச்சாரு, ரெண்டு வேற ஆளோட கை மாதிரி இருந்துச்சு. மலையேறி எறங்குறப்போ வலது முழங்கை எப்பவும் ஜன்னல்ல தான், கண்ணாடியை ஏத்தி விட்டாலும் முழுசாத் தப்பிக்க முடியாது, சாதாரணக் கண்ணாடி செவக்க வைக்கிற யூவி பியைத் தடுக்கும், கருக்க வைக்கிற யூவி ஏ பெரும்பாலும் உள்ள வந்துடும். முன் கண்ணாடி அடுக்குக் கண்ணாடிங்கறதால அது நல்லாவே தடுக்கும், பக்கத்துக் கண்ணாடி தான் ஓட்டை. பைக் கடையில விக்கிற கை உறையை வலது கைக்கு மாட்டிக்கங்க. ஒத்தைக் கைக்கு மட்டும் மாட்ட வெக்கமா இருக்குன்னாரு, சரி ரெண்டுக்கும் மாட்டுங்கன்னேன்.

"லீவு முடிஞ்சு வந்ததுல இருந்து பாப்பா கன்னத்துல வெள்ளை வெள்ளையா இருக்கு. பூச்சி மருந்து குடுக்கட்டுமா?"

நூத்துக்குத் தொண்ணூறு அம்மாங்க பூச்சின்னு தான் வருவாங்க, மிச்சம் பேர் கால்சியம் கம்மின்னு வருவாங்க. கன்னத்துல மங்கலா, ஓரம் தெளிவில்லாம, லேசா சொரசொரன்னு வர்ற திட்டு பெரும்பாலும் வறண்ட தோல் தான், சுத்தி இருக்குற தோல் வெயில்ல கருத்ததும் இது பளிச்சுன்னு தெரியுது, அவ்வளவு தான். பூச்சி மாத்திரை ஸ்கூல்லயே குடுக்குறாங்க, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. தெனம் ரெண்டு வேளை மாய்ஸ்சரைசர், வெளிய விளையாட தொப்பி, சில மாசத்துல சமமாகும்.

பெரியவங்களுக்கு நெஞ்சு, முதுகு, தோள்பட்டையில திட்டுத் திட்டா, சொரண்டுனா மாவு மாதிரி உதிர்ந்தா அது தேமல். வேர்வை பிடிச்ச கோடையில பெருகுற ஒரு வகைப் பூஞ்சை, கீட்டோகொனசோல் ஷாம்புவோ க்ரீமோ போட்டா அடங்கும். ஆனா பூஞ்சை செத்த பின்னாடியும் கலர் சமமாக ரெண்டு மூணு மாசம் எடுக்கும், மருந்து கேக்கலன்னு திரும்பத் திரும்ப வாங்காதீங்க. பால் மாதிரி சுத்த வெள்ளையா, ஓரம் வெட்டுன மாதிரி இருந்தா வெண்புள்ளியா இருக்கலாம், தோல் டாக்டரைப் பாருங்க, அது ஒட்டுவாரொட்டி இல்ல, குஷ்டமும் இல்ல. வெளுத்த திட்டுல தொட்டா உணர்ச்சி இல்லைன்னா தான் தொழுநோயான்னு பாக்கணும், அதுக்கும் அரசு ஆஸ்பத்திரியில மருந்து இலவசம், முழுசா குணமாகும், ஒளிக்காம போங்க.

"ரெண்டு கன்னத்துலயும் மங்கு விழுந்திருக்கு. பக்கத்து வீட்டக்கா ஒரு ட்யூப் பேரு எழுதிக் குடுத்தாங்க, ஒரே வாரத்துல பளிச்சுன்னு ஆச்சாம்."

அந்த ஒரே வாரம் தான் எனக்குப் பயமே. இப்படி எழுதிட்டு வர்ற சீட்டுல பாதிக்கு மேல ஸ்டீராய்டு கலந்த ட்யூப் தான் இருக்கும். பெட்டியைத் திருப்பிப் பாருங்க, மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், ஃப்ளூசினோலோன், இப்படி "சோன்", "சால்", "லோன்"னு முடியுற பேரு இருந்தா கீழ வச்சிடுங்க. டாக்டர் சொல்லி இத்தனை நாள்னு கணக்கு வச்சுப் போட்டா அது மருந்து, ஃபேஸ் க்ரீமா தெனமும் போட்டா முதல் மாசம் பளபளப்பு, அப்புறம் தோல் மெலிஞ்சு நரம்பு தெரியும், பரு கொட்டும், சில பேருக்கு கன்னத்துல முடி மொளைக்கும், வெயில்ல ரெண்டு நிமிஷம் நிக்க முடியாம எரியும். நிறுத்துனா இன்னும் செவக்கும், அதனால பயந்து மறுபடி போடுவாங்க. 2018-ல இது மாதிரி பல க்ரீமை டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாதுன்னு மத்திய அரசு விதி போட்டுச்சு. மாசக்கணக்கா போட்டுட்டு இருக்கீங்கன்னா திடீர்னு நிறுத்தாம தோல் டாக்டர்கிட்ட ட்யூபோட போங்க, எப்படிக் குறைக்கணும்னு அவங்க சொல்லுவாங்க. பேர் விலாசம் இல்லாத டப்பா க்ரீமும் வேணாம், சிலதுல பாதரசம் இருக்கும், அது கிட்னி வரைக்கும் போகும்.

மங்கு நேத்து வெயில்ல கருத்த மாதிரி தானா போறது இல்ல. வெயில், ஹார்மோன், கர்ப்பம், கருத்தடை மாத்திரை, குடும்ப வாகு எல்லாம் சேந்து வர்றது. கண்ணுக்குத் தெரியுற சாதா வெளிச்சமும் நம்ம நிறத்துல அதைக் கூட்டும், அதனால அயர்ன் ஆக்சைடு இருக்குற, லேசா தோல் கலர்ல வர்ற சன்ஸ்க்ரீன் இவங்களுக்கு நல்லது. கூடவே அசலாயிக் ஆசிட், நியாசினமைடு மாதிரி மெதுவா வேலை செய்யுறது டாக்டர் சொல்ற அளவுல. மாசமா இருக்குறவங்க வைட்டமின் ஏ வகையான ரெட்டினால், ட்ரெட்டினோயின் க்ரீம் பக்கமே போகாதீங்க. அப்புறம் அடுப்புச் சூடு முகத்துல அடிச்சாலும் சிலருக்கு மங்கு கூடும், விறகடுப்பு வீடுன்னா கவனிங்க.

"முன்னெல்லாம் வெயில் ஒண்ணும் பண்ணாது. இப்போ ரெண்டு மாசமா வெளிய போனாலே அரிச்சு கருக்குது, ஏன்?"

புதுசா என்ன மாத்திரை சாப்பிடுறீங்கன்னு முதல்ல யோசிங்க. பருவுக்கும் பூச்சிக்கடிக் காய்ச்சலுக்கும் குடுக்குற டாக்சிசைக்ளின், பிரஷர் மாத்திரையோட சேர்ந்து வர்ற ஹைட்ரோகுளோரோதயசைடு, வலிக்குப் போடுற நாப்ராக்சன் இதெல்லாம் தோலை வெயில் தாங்காம பண்ணிடும். நீங்களா நிறுத்திடாதீங்க, பிரஷர் ஏறிடும், எழுதுன டாக்டர்கிட்ட சொல்லுங்க, மாத்தித் தருவாங்க.

மாத்திரையே இல்லாம கன்னம் ரெண்டுலயும் மூக்கு மேலயும் வண்ணத்துப்பூச்சி விரிச்ச மாதிரி செவந்து, மூட்டுவலி, முடி கொட்டுறது, வாய்ப்புண் எல்லாம் கூட இருந்தா லூபஸான்னு (உடம்போட எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்குற நோய்) ரத்தம் சோதிக்கணும். தெனம் குடிக்கிறவங்க, சரியா சாப்பிடாதவங்களுக்கு கழுத்தைச் சுத்தி மாலை மாதிரியும் புறங்கையிலயும் கருப்பா சொரசொரன்னு வந்தா அது வைட்டமின் குறைச்சலா இருக்கலாம், பேதியும் இருந்தா தள்ளிப் போடாதீங்க. இதெல்லாம் க்ரீம்ல தீராது.

"வெயில்லயே போகாத எங்க அப்பத்தாவுக்கு முழங்காலுக்குக் கீழ வலை பின்னுன மாதிரி கருத்திருக்கே, அது என்ன?"

குமுட்டி அடுப்பு. இல்லைன்னா ரூம் ஹீட்டர். தீக்காயம் ஆகாத அளவு சூடு தெனமும் ஒரே எடத்துல மாசக்கணக்கா பட்டா தோல்ல இப்படி வலை வலையா தடம் விழும், மடியில லேப்டாப் வச்சு வேலை பாக்குற பசங்களுக்குத் தொடையிலயும், ஹாட்பேக் வச்சே தூங்குறவங்களுக்கு இடுப்புலயும் இதே தான் வரும். சூட்டை நிறுத்துனா மாசக்கணக்குல மெதுவா மங்கும், ரொம்ப வருஷப் பழக்கம்னா முழுசா போகாது. அந்த எடத்துல ஆறாத புண்ணோ தடிப்போ வந்தா கட்டாயம் டாக்டர் பாக்கணும், அபூர்வமா அது புற்றாகவும் மாறும். எரியுற கரி அடுப்பை மூடுன ரூமுக்குள்ள வச்சுத் தூங்குறது தனி ஆபத்து, உயிருக்கே.

இந்தப் பாட்டியை அப்புறம் கூட்டிட்டே வந்தாங்க. ரெண்டு முழங்காலும் காட்டுனாங்க, அடுப்புப் பக்கம் இருக்குற கால்ல மட்டும் வலை கெட்டி. முக்காலியை ரெண்டடி தள்ளிப் போட்டு, கம்பளிக் காலுறை மாட்டிக்கங்க பாட்டின்னு சொன்னேன். தள்ளிப் போட்டா அந்த எடத்துல பூனை வந்து உக்காந்துக்கும், அப்புறம் எந்திரிக்காதுன்னு சொல்லிட்டு மாய்ஸ்சரைசர் மட்டும் வாங்கிட்டுப் போனாங்க.